மணி அடிக்கும்வரை வெளியே



இரட்டைமலை சீனிவாசனை நினைவுகூரச் சித்தன்னவாசலில் கூடியிருக்கிறோம். இந்த மலையில் ஏறி, பாறையில் வெட்டிய படிகளைக் கடந்தால் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் வரும். அதன் தரையில் சமண முனிவர்கள் படுப்பதற்காகத் தேய்த்து வழவழப்பாக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைமாட்டில் தலையணைபோலக் கல்லை உயர்த்தி விட்டிருக்கிறார்கள். படுக்கை ஒன்றில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஈராயிரம் ஆண்டுப் பழைமை கொண்டது. மலையின் இன்னொரு புறத்தில், தாமரைக் குள ஓவியத்தால் உலகறிந்த அறிவர் கோயில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

பள்ளி என்ற சொல்லுக்குப் படுக்குமிடம் என்று பொருள். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளி ஆயிற்று. அவர்களுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் ஆயிற்று. துறவியர் தங்கிய இடத்தில் கல்வியும் நடந்தபடியால் படிக்கும் இடத்துக்கும் அதுவே பெயராக நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்துக்கு இந்த மலையின் கற்படுக்கைகளிலிருந்து பெயர் வந்திருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் தம் வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்ட சொற்களின் அடியைத் தோண்டித்தான் நம் வரலாற்றைத் தேடினார்.

கல்வெட்டுகளில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியாகக் குறிக்கின்றன. ஊர் இருந்தது, ஊருக்கு வெளியே சேரி இருந்தது. ஆயிரம் ஆண்டுகளாக 'வெளியே' என்பது நமக்கு ஒரு முகவரி. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையிடம் 'வெளியே போய் நில்' என்று ஆசிரியர் சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒரே தண்டனை இல்லை என்பதை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். கிறித்தவப் பள்ளிகளின் ஒழுங்கு விதிகளைப் பற்றி இன்று பேசப் போகிறோம். ஒழுங்கு என்ற பெயரில் யார் வெளியே அனுப்பப்பட்டார்கள், எப்போது யார் தாமாக வெளியேறினார்கள் என்பதே எங்கள் கேள்வி.

1. வெளியே நின்ற மாணவர்

இரட்டைமலையார் 1860இல் பிறந்தவர். 1939இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலில் கோயம்புத்தூரில் படித்த நாள்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர்கள் இருந்த பள்ளியில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, அவர் காலையில் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். மாலையில் வகுப்பு முடிந்ததும் யாரோடும் பேசாமல் வீட்டை நோக்கி விரைந்துவிடுவார். பிற பிள்ளைகளோடு விளையாட முடியாத துன்பத்தையும் அவர் எழுதியிருக்கிறார்.

ஒருவரும் அவரை அடிக்கவில்லை, வெளியே நில் என்று சொல்லவுமில்லை. சாதி ஒழுங்கு ஏற்கெனவே அவருக்குள் இருந்தது, அவரே அதைத் தமக்கு விதித்துக்கொண்டார். மணிக்கும் அவருக்கும் இருந்த உறவைக் கவனியுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மணி அடித்தால் விளையாட்டு முடிகிறது. அவருக்கோ மணி அடித்தால் பாதுகாப்பு தொடங்குகிறது. எல்லோரும் பலகையைப் பார்க்கும் நேரத்தில் யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். பிந்தி வருவதைத் தண்டிக்கும் விதி ஒன்று அந்தப் பள்ளியில் இருந்திருந்தால், அது முதலில் தண்டித்திருக்கக்கூடிய மாணவர் அவர்தான். அவரே பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்து, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் பொதுக்கட்டடமும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். மணி அடிக்கும்வரை வெளியே நின்ற மாணவர் எழுதிய விதி அது.

2. பெஞ்சு

திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் தண்டனை இருந்தது. பிரம்பும் கோதண்டமும் சட்டாம்பிள்ளையின் குட்டும் அங்கே வழக்கம். அங்கே அடிபடும் பேறுகூட நம் பிள்ளைகளுக்கு இல்லை, ஏனென்றால் திண்ணைக்கு அவர்கள் ஏற முடியாது. மிஷன் பள்ளிகள் வந்தபோது மணி, வருகைப் பதிவேடு, கால அட்டவணை, பெஞ்சு எல்லாம் கூட வந்தன. இவற்றில் பெஞ்சுதான் பெரிய கலகம் செய்தது. தரையில் உட்கார்ந்தால் இடைவெளி விட்டு உட்காரலாம். பெஞ்சு ஒரே மரம். அதன் ஒரு முனையில் இருப்பவரும் மறுமுனையில் இருப்பவரும் ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னை ஆர்மீனியன் தெருவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலக் கல்வி வேண்டி உயர்சாதிக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. மறு ஆண்டு, தங்கள் சாதி தெரியாதபடி அதில் சேர்ந்திருந்த பறையர் சிறுவர்களை மற்றவர்கள் கண்டுகொண்டார்கள். அவர்களை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தனி பெஞ்சு போட வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. உயர்சாதி மாணவர்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். புதிதாகத் தொடங்கிய பள்ளிக்கு அது சிறிய அடி இல்லை. ஆனாலும் சிறுவர்கள் பெஞ்சிலேயே இருந்தார்கள். நாளடைவில் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

அந்தப் பள்ளிதான் வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆனது. நம் தலைவர் எம்.சி. ராஜா அதே கல்லூரியில் படித்தார். 1838இல் அந்தச் சிறுவர்களை வெளியே அனுப்பியிருந்தால் அந்த நிறுவனத்தின் வழக்கம் வேறாக அமைந்திருக்கும், அவருக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா என்பதே ஐயம். பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் எடுக்கப்படும் ஒரு முடிவு பல தலைமுறைகளுக்கு மரபாகிவிடுகிறது.

ஆண்டர்சனை நாங்கள் புனிதராக்க வரவில்லை. அவருடைய நோக்கம் மதமாற்றம், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் அன்று அவர் செய்தது ஓர் ஒழுங்கு நடவடிக்கை. பள்ளியின் விதி இதுதான், பிடிக்காதவர் போகலாம் என்றார். விதியின் பாரம் வலியவர் தலையில் விழுந்தது. நிறுவனமும் தன் பங்குக்கு இழந்தது.

3. மறுபக்கம்

ஐந்தாண்டு கழித்து, 1843இல், அன்றைய சென்னை மாகாணத்தின் மசூலிப்பட்டினத்தில் ராபர்ட் நோபிள் என்ற ஆங்கிலத் திருச்சபை மிஷனரி ஒரு பள்ளியைத் தொடங்கினார். உயர்சாதியார் வந்தால் நாடே வரும் என்பது அவர் கணக்கு. அதனால் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளை அவர் சேர்க்கவில்லை. ஒரே வேதம், ஒரே மாகாணம், ஏறத்தாழ ஒரே காலம், ஆனால் இரண்டு விதிகள். ஆகவே 'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தக் காலத்திலும் வேறு மாதிரி செய்தவர்கள் இருந்தார்கள்.

அரசாங்கமும் இந்தத் தேர்வில் தோற்றது. 1856இல் தார்வாட்டில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர முயன்று மறுக்கப்பட்டான். பம்பாய் அரசாங்கத்துக்கு மனுச் செய்தான். அவன் கேட்டது நியாயமே என்றாலும் ஒருவனுக்காக மற்ற எல்லோரும் பள்ளியை விட்டுப் போகும் நிலையை உண்டாக்க முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது. அண்ணல் அம்பேத்கர் இந்த நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். எண்ணிக்கையைப் பார்த்து நியாயத்தை அளப்பவர்கள் சொல்லும் வாதம் இன்றுவரை மாறவில்லை.

இனி நம் புதுக்கோட்டைக்கு வருவோம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கொந்தளித்தார்கள், பலர் சபையை விட்டார்கள். பிறகு தரங்கம்பாடிப் பாரம்பரியத்தின் வாரிசாக வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி அதற்கு இடம் விட்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் இந்த நிலைப்பாட்டுக்காக வாதாடினார். வேறு மிஷன்களில் சாதிக்கு இடமில்லாமல் வெளியேறியவர்களுக்கு லைப்சிக் சபைகள் புகலிடமாயின. அந்த மிஷனுக்குள்ளேயே இருந்த ஓக்ஸ் என்பவர் இதை எதிர்த்துப் பிரிந்து போய் டேனிஷ் மிஷனில் சேர வேண்டியதாயிற்று. புதுக்கோட்டையும் லைப்சிக் மிஷனின் நிலையங்களுள் ஒன்று.

பக்கத்து மதுரையில் அமெரிக்க மிஷன் வேறு வழியில் போனது. 1847இல், சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்பதை அந்த மிஷன் தன் ஊழியர்களுக்குச் சோதனையாகவே வைத்தது. மறுத்த உபதேசிகளும் ஆசிரியர்களும் விலக்கப்பட்டார்கள். ஆள் பற்றாக்குறை வந்தது, மிஷன் தாங்கிக்கொண்டது. ஒழுங்கு நடவடிக்கை என்றால் மேலே உள்ளவர்மீதும் எடுக்கலாம் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

4. கடலுக்கு அப்பால்

அதே 1847இல் யாழ்ப்பாணத்திலும் இது நடந்தது. பீட்டர் பெர்சிவல் நடத்திய வெஸ்லியன் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். வேளாளப் பிள்ளைகள் வெளியேறினார்கள். பெர்சிவல் அந்தச் சிறுவனை நீக்க மறுத்தார். அங்கே ஆசிரியராக இருந்து, பெர்சிவலுக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை நின்ற ஆறுமுக நாவலர் அடுத்த ஆண்டு மிஷன் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். நாவலரின் விலகலுக்குச் சமயக் காரணங்கள் முதன்மையானவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சைவக் கல்வி மறுமலர்ச்சி என்று கொண்டாடப்படும் வரலாற்றின் ஓரத்தில், பெயர் பதியப்படாத ஒரு சிறுவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனையும் சேர்த்துத்தான் அந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்று இலங்கைக் கல்வித் துறை வற்புறுத்தியபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் எரிக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் அதுவரை தரையிலோ தனி வாங்கிலோ உட்கார்ந்திருந்தார்கள். வாங்கைப் பங்கிடுவதைவிடக் கூரையைக் கொளுத்துவது சிலருக்கு எளிதாக இருந்தது.

புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் ஓர் இணை உண்டு. 1904இல் முத்துலட்சுமி என்ற மாணவி மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதும் தாயாரின் குலமும் எதிர்ப்புக்குக் காரணமாயின. ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்ற பேச்சும் எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்க்கச் சொன்னார். நாடறிந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர். 'ஒழுக்கம்' என்ற சொல் யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்டது என்று பாருங்கள். நம்மைச் சேர்க்க மறுத்தவர்களும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

5. தேங்காய்

சேர்க்கை மறுப்பது மெல்லக் குறைந்தது. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மிஷன் பள்ளிகளுக்கும் கான்வென்டுகளுக்கும் போனார்கள். இந்த அவையில் உள்ளவர்களில் எத்தனை பேர் கிறித்தவப் பள்ளியில் அ, ஆ எழுதக் கற்றவர்கள் என்று கேட்டால் பாதிக் கைகளுக்கு மேல் உயரும். அந்த நன்றியை நாங்கள் மறக்கவில்லை. மறந்தால் இந்த உரையையே எழுதியிருக்க முடியாது. ஆனால் கதவு திறந்த பிறகு, வாசலில் நடந்த பழைய காரியம் வகுப்பறைக்குள் வேறு பெயரில் தொடர்ந்தது. அந்தப் பெயர்தான் தண்டனை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தலித் கிறித்தவப் பெண்ணின் தன்வரலாறாகத் தமிழில் வெளிவந்த முதல் நூல்களில் ஒன்று. அதில் ஒரு தேங்காய் நிகழ்ச்சி வருகிறது. மாலையில் பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் தென்னையில் ஏறி விளையாடுகிறார்கள். ஒரு தேங்காய் விழுந்துவிடுகிறது. அடுத்த நாள் காலை, எல்லாப் பிள்ளைகளும் கூடி நிற்கும் இடத்தில் தலைமையாசிரியர் அந்தச் சிறுமியின் பெயரைச் சொல்லி, சாதியைச் சொல்லி, திருடி என்று அறிவித்து, வகுப்புக்குள் விடாமல் வெளியே நிறுத்துகிறார். அவள் சாமியாரிடம் கடிதம் வாங்கப் போகிறாள். சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்பதே அங்கும் கிடைக்கும் முதல் பதில். கடைசியில் கடிதம் கிடைக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகே வகுப்பு.

இந்த நிகழ்ச்சியை ஒழுங்கு நடவடிக்கையாக மட்டும் படித்துப் பாருங்கள். குற்றச்சாட்டு உண்டு, விசாரணை இல்லை. சாட்சி இல்லை. விளையாடியவர்கள் பலர், பெயர் சொல்லப்பட்டது ஒன்று. மேல்முறையீடு செய்யப் போன இடத்திலும் முன்தீர்ப்பு. தண்டனை எல்லோர் முன்னிலையிலும். அதன் வடிவம், வெளியே நிற்றல். பள்ளியின் விதிப் புத்தகத்தில் சாதி என்ற சொல் எங்கும் இருந்திருக்காது. விதி யார்மேல் பாய்கிறது என்பதில்தான் சாதி இருந்தது.

இது கிறித்தவப் பள்ளிகளுக்கு மட்டும் உரிய நோயல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில், கிறித்தவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்புத் தலித் மாணவி தேர்வு எழுத வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார வைக்கப்பட்டாள். நாடே பார்த்தது. இரட்டைமலையார் வெளியே உட்கார்ந்து படித்தார், நூற்றைம்பது ஆண்டு கழித்து இந்தப் பிள்ளை வெளியே உட்கார்ந்து தேர்வு எழுதினாள்.

6. இரட்டைப் பள்ளம்

பிரம்பைச் சட்டம் தடுத்துவிட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, உடலுக்கோ மனத்துக்கோ வலி தரும் தண்டனை விலக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. உடல் தண்டனை ஒழிப்பு நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது.

ஆனால் 2014 மே மாதத்தில் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உதவிபெறும் பள்ளி, பெறாத பள்ளி என்ற வேறுபாடும் அதில் இல்லை. பெரும்பாலோர் இதை 25 சதவீத இட ஒதுக்கீட்டுச் செய்தியாகவே படித்தார்கள். ஆனால் சட்டம் பொருந்தாது என்றால் 16ஆம் பிரிவும் 17ஆம் பிரிவும் சேர்ந்தே பொருந்தாமல் போகின்றன. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு இந்தத் தீர்ப்பில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் பார்வைக்குச் செல்லும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது.

இது முதல் பள்ளம். இரண்டாவது பள்ளம் 1950இல் வெட்டப்பட்டது. அந்த ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆகவே ஒரு தலித் கிறித்தவப் பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தப் பிள்ளைக்குத் துணை வராது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கிறித்தவப் பள்ளியில் படிக்கும் தலித் கிறித்தவப் பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டமும் இல்லை, வன்கொடுமைச் சட்டமும் இல்லை. பள்ளி கிறித்தவப் பள்ளி என்பதால் ஒன்று போயிற்று. பிள்ளை கிறித்தவப் பிள்ளை என்பதால் மற்றொன்று போயிற்று. யாரைக் காப்பதற்காகச் சிறுபான்மை உரிமை எழுதப்பட்டதோ, அந்தச் சிறுபான்மையிலேயே மிக எளிய பிள்ளை இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நிற்கிறது.

பிரம்பு போன இடத்தில் டி.சி. வந்திருக்கிறது. எங்களில் பலர் பிள்ளைகளின் பெற்றோராகவும் இதைப் பார்த்திருக்கிறோம். தலைமுடி, கைக்கயிறு, பிந்தி வருதல், கட்டணப் பாக்கி, ஒரு சண்டை, ஒரு கைப்பேசி என்று ஏதோ ஒன்றில் தொடங்கும். பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள். கூலி வேலையை விட்டு வரும் தாய் அலுவலக வாசலில் மதியம்வரை நிற்பார். 'நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், நடத்தை நன்று என்று போட்டுத் தருகிறோம்' என்பார்கள். தாய் கைநாட்டு வைப்பார். பதிவேட்டில் அது நீக்கமாக இருக்காது, பெற்றோர் விருப்பமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் இது கூடுதலாக நடக்கிறது, பத்தாம் வகுப்பின் நூறு சதவீதத் தேர்ச்சியைக் காப்பாற்ற வேண்டுமே. 16ஆம் பிரிவு பொருந்தினாலும் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்கே போனது என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. செங்கல் சூளைக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் கேட்டால் தெரியும்.

7. சொன்னால் கேட்கிறார்களா

ஒழுங்கு என்பது தண்டிப்பது மட்டுமில்லை, காப்பதும்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தடுக்க வந்த அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அவர்களின் துன்புறுத்தல் தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போகாமல் இருந்ததும், ஆசிரியர்களிடம் அதைச் சொன்ன பிறகு தாக்குதல் நடந்ததும் செய்திகளில் வந்தன. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், அகர வரிசையில் இருக்கை என்று பல பரிந்துரைகள். இருக்கையை இன்னும் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 1838இன் பெஞ்சு இன்னும் தீரவில்லை.

இந்த அன்னவாசல் ஒன்றியத்திலேயே, 2022 டிசம்பரில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது பிள்ளைகள் நோயுற்ற பிறகுதான் தெரிந்தது. நம் ஊர்களில் முதல் சாட்சி எப்போதும் பிள்ளையின் உடம்பாக இருக்கிறது. அது பேசும்போது கேட்கும் பள்ளி நமக்கு வேண்டும்.

8. எங்கள் கோரிக்கை

கிறித்தவப் பள்ளிகளில் நடப்பதைத் தடியாக எடுத்துக் கிறித்தவர்களை அடிக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த உரையைக் கொடுக்க நாங்கள் விரும்பவில்லை. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவை நாங்கள் காப்போம், அந்த உரிமை பறிபோனால் முதலில் மூடப்படுபவை நம் சேரிகளுக்குப் பக்கத்திலுள்ள பள்ளிகளே. அதற்காக உள்ளே நடப்பதைப் பேசாமல் இருக்கவும் மாட்டோம். திருச்சபைக்குள் சாதி இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தன் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டதை விதியாக்குங்கள் என்று மட்டுமே கேட்கிறோம்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் 16, 17 ஆகிய இரு பிரிவுகளையும் கிறித்தவப் பள்ளிகள் தாமாகவே தம் விதிப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், அதுவும் பன்னிரண்டாம் வகுப்புவரை. டி.சி.யைத் தண்டனையாகப் பயன்படுத்துவதில்லை என்று அறிவிக்க வேண்டும். பெற்றோர் டி.சி. கேட்டால் ஏன் கேட்டார் என்பதைப் பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்டுப் பதிய வேண்டும். எந்தப் பிள்ளையையும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் இடையில் போனார்கள், அவர்கள் எந்தச் சமூகத்தார் என்று பெயரில்லாமல் எண்ணிக்கையை மட்டும் நிர்வாகம் வெளியிட வேண்டும். சாதி சொல்லி இழிவுபடுத்திய ஆசிரியர்மேல், வன்கொடுமைச் சட்டம் பொருந்தாத பிள்ளைக்காகவும் திருச்சபையே நடவடிக்கை எடுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் நீதிமன்ற ஆணை தேவையில்லை. 1838இல் ஆண்டர்சனுக்கும் எந்தச் சட்டமும் துணை நிற்கவில்லை.

ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளுக்குத் திரும்புவோம். அங்கே படுத்தவர்கள் கடுமையான ஒழுக்கம் உடையவர்கள். ஆனால் அந்தக் கடுமையைத் தங்கள் உடம்பின்மேல்தான் ஏற்றுக்கொண்டார்கள். கல்லில் படுத்தவர்கள் அவர்களே. பள்ளி என்ற பெயரை நமக்கு விட்டுப் போனவர்களிடமிருந்து அதையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளி தன் விதிகளை முதலில் தன்மேல் சுமத்திக்கொள்ளட்டும். நிர்வாகமும் ஆசிரியரும் பணம் கட்டுவோரும் அந்தக் கல்லில் படுத்துப் பார்க்கட்டும். பிறகு பிள்ளையிடம் வரலாம்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு இந்த மாவட்டமெங்கும் பள்ளி மணி அடிக்கும். அப்போது எந்தப் பிள்ளை வெளியே நிற்கிறது என்று நம்மில் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பள்ளியின் வாசலில் நின்று பார்ப்போம். பார்த்துவிட்டுச் சும்மா திரும்பாமல் உள்ளே போய்க் கேட்போம். இரட்டைமலையாருக்கு நாம் செய்யும் நினைவு அதுவாக இருக்கட்டும்.